‘வாங்க’ என்று எரியும் பலகை: எல்இடி நியான் செய்யப் பழகுவோருக்கு

பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பலகாரம் போடும் அக்கா ஒருவர் கடைக்கு வந்திருந்தார். “தம்பி, ‘பலகாரக் கடை’ன்னு லைட்டு எழுத்து வேணும். நடுவுல அந்த ‘க்’ எதுக்கு? எடுத்துடு, காசு குறையும்தானே?” என்றார்.

இலக்கணத்தை விட்டுப் பார்த்தால் அவர் கணக்கு சரி. நியான் குழாயில் ‘க’ எழுத மூன்று துண்டு வேண்டும். மேற்கட்டை ஒன்று. கம்பத்தில் இறங்கி, இடப்பக்கம் சுழித்து, திரும்பி வந்து கம்பத்தைத் தொடுவது ஒன்று. கம்பத்துக்கு மறுபக்கம் தொடங்கி வலப்புறம் வளைந்து இறங்குவது ஒன்று. புள்ளியையும் சேர்த்தால் நான்கு துண்டு. துண்டுக்கு இரண்டு ஒயர் என்றால் எட்டு சால்டர், அதாவது எட்டு ஈயப் பற்று. ஓர் ஒற்றெழுத்துக்கு எட்டு சால்டர்! இருந்தாலும் நான் அதை எடுக்கவில்லை. தமிழ்ப்பள்ளி வாத்தியார்கள் தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கடை வைத்து இந்த வேலை செய்கிறேன். பழக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது, ‘அண்ணே, எந்த மெஷின் வாங்கலாம்?’ என்றுதான். மெஷினில் வெட்டு அரை மணியில் முடிந்துவிடும். எழுத்தைக் குழாய் போகும் பாதையாக மாற்றி வரைவதற்குத்தான் ஒரு நாள் போகிறது. அதனால் அதையே முதலில் சொல்கிறேன். மெஷின் இல்லாமலேயே தொடங்கலாம் என்பதையும் போகப் போகப் பார்ப்பீர்கள்.

கையில் இருப்பது என்ன

பெயர்தான் நியான். உள்ளே நியான் வாயு கிடையாது. நியான் வாயுவை 1898-இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். ஜார்ஜ் கிளாட் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து எரித்துக் காட்டினார். அது ஆயிரக்கணக்கான வோல்ட்டில் எரிவது, கண்ணாடியைத் தீயில் வளைக்கத் தெரிந்தவர் வேலை. நாம் செய்வது வேறு. மெல்லிய எல்இடி பட்டை, அதன் மேல் பால் நிறச் சிலிக்கான் உறை, ஓடுவது 12 வோல்ட். கை பட்டாலும் ஷாக் அடிக்காது.

கடைகளில் கிடைக்கும் குழாய் பெரும்பாலும் 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரம். இரண்டு வகை உண்டு. பட்டையும் உறையும் ஒன்றாகவே வார்த்தது ஒரு வகை. உறை தனியாக, பட்டை தனியாக வந்து, நாம் உள்ளே செருகுவது இன்னொரு வகை. புதியவர்கள் இரண்டாவதை வாங்குங்கள். தப்பாக வெட்டினால் உறையோடு நஷ்டம் நின்றுவிடும், பட்டையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் குழாய்க்கு மூன்று பிடிவாதம் உண்டு. அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது, இடவலமாக மட்டும் வளையும். மேல்கீழாக மடக்கினாலோ முறுக்கினாலோ உள்ளே செம்புத் தடம் விரிசல் விட்டுவிடும். அன்றைக்கே தெரியாது. ஒரு வாரம் எரிந்து, அப்புறம் கண் சிமிட்டத் தொடங்கும்.

இரண்டாவது, எவ்வளவு வேண்டுமானாலும் வளையாது. 6 மி.மீ. குழாய்க்கு வளைவின் ஆரம் 2 செ.மீ.க்குக் கீழே போக விடாதீர்கள். அதாவது, எந்தச் சுழியும் 4 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

மூன்றாவது, நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. 12 வோல்ட் பட்டையில் மூன்று எல்இடியும் ஒரு மின்தடையும் சேர்ந்து ஒரு கண்ணி. மீட்டருக்கு 120 எல்இடி உள்ள பட்டையில் ஒரு கண்ணி 2.5 செ.மீ. கண்ணிகளுக்கு நடுவே வெட்டுக்குறி இருக்கும், அங்கேதான் கத்திரி வைக்க வேண்டும். குறியை விட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினாலும் அந்த மூன்று விளக்கும் போச்சு. 24 வோல்ட் பட்டையில் கண்ணி பெரும்பாலும் 5 செ.மீ., தமிழ் எழுத்துக்கு அது தோதுப்படாது.

முதல் பலகைக்கு எந்தச் சொல்

தமிழில் நியானுக்கென்றே பிறந்த எழுத்துகள் ட, ப. நேர்க்கோடும் மூலையும்தான். ம கொஞ்சம் வளையும், பரவாயில்லை. ‘பட்டம்’ என்று கடைக்குப் பெயர் வைப்பவர் வந்தால் நான் பாதி விலைக்கே செய்து தருவேன்.

எதிர்ப்பக்கம் நிற்பது மூன்று சுழி ண. ஒரு சுழிக்கு 4 செ.மீ. என்று போட்டாலே எழுத்து 13, 14 செ.மீ. அகலம் வாங்கிவிடும். உயரத்தையும் அதற்கேற்ப 18 செ.மீ. வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். ‘மணி’ என்ற பெயரைப் பத்து செ.மீ. உயரத்தில் கேட்பவர்களிடம் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஆரம்பத்தில் சொல்லாமல் ஒப்புக்கொண்டேன். சுழியை நசுக்கி நசுக்கி ஒட்டினேன். கொடுத்து ஒன்பதாம் நாள் ‘ண’ முழுதும் அணைந்து, கடைக்காரர் பெயர் ‘ம ி’ என்று தொங்கியது.

பழகுவதற்கு நான் சொல்லிக்கொடுப்பது ‘வாங்க’. சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, வீட்டு வாசல் எங்கு மாட்டினாலும் பொருந்தும். சுழி, மூலை, புள்ளி, கோட்டை வெட்டும் கோடு என்று எல்லாச் சிக்கலும் அதில் ஒவ்வொன்று இருக்கிறது. இனி வரும் கணக்கெல்லாம் 18 செ.மீ. உயர ‘வாங்க’வுக்கு, 75-க்கு 30 செ.மீ. பலகையில்.

கோடு போடுவது

கணினியில் இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் போதும், இலவசம். பக்கத்தின் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோட் எழுத்துருவில், இருப்பதிலேயே மெல்லிய வடிவத்தில் ‘வாங்க’ என்று தட்டுங்கள். 180 மி.மீ. உயரத்துக்கு இழுத்து, நிறத்தை மங்கலாக்கி, அந்த அடுக்கைப் பூட்டிவிடுங்கள்.

இப்போது திரையில் தெரியும் எழுத்துக்கு இரண்டு கரை இருக்கிறது. எழுத்துரு என்பதே கரைகளால் ஆனது. நமக்கு வேண்டியது அந்த இரண்டு கரைக்கு நடுவில் ஓடும் ஒற்றைக் கோடு. நடுக்கோட்டைத் தானாக எடுத்துக்கொடுக்கும் வசதி இன்க்ஸ்கேப்பில் உண்டு. பயன்படுத்திப் பாருங்கள், ஆனால் நம்பாதீர்கள். கோடுகள் சேரும் இடங்களில் அது நடுங்கும், சின்னச் சின்ன முடிச்சு விழும். மேலே புது அடுக்கு போட்டு, பேனாக் கருவியால் கையாலேயே வரைவதுதான் நல்லது.

வரையும்போது சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கை எடுக்காமல் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அவ்வளவு தூரம் ஒரே துண்டு. கோலத்தில் கோட்டின் மேல் கோடு ஏறிப் போகலாம், குழாய் குழாயின் மேல் ஏறாது. அந்த இடம் வந்ததும் வெட்டி, கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவு, அந்தப் பக்கம் ஒரு தொடக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கூர்மூலையும் அப்படித்தான். ஒன்று, மூலையை 2 செ.மீ. ஆரத்தில் உருட்டிவிடலாம். அல்லது வெட்டி இரண்டு துண்டாக்கலாம். ‘வ’வின் கீழ் வலது மூலையை நான் உருட்டிவிடுகிறேன், பார்க்கவும் கையெழுத்து மாதிரி இருக்கிறது. ‘ட’வின் மூலையை உருட்டினால் அழகு போய்விடும், அதை வெட்டத்தான் வேண்டும்.

இப்படிப் போனால் வ ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, ங இரண்டு, புள்ளி ஒன்று, க மூன்று. ஆக எட்டுத் துண்டு.

சரி, புள்ளியை என்ன செய்வது? வட்டமாக வளைக்கலாம் என்று தோன்றும். 2 செ.மீ. ஆரத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் அந்த வட்டம் 4 செ.மீ. அகலத்துக்கு வந்துவிடும். 18 செ.மீ. எழுத்தின் தலையில் அது புள்ளியாகத் தெரியாது, முட்டை வைத்த மாதிரி இருக்கும். ஒரே கண்ணியை, 2.5 செ.மீ. நீளத்துக்குச் சின்னக் கோடாக வைப்பது எளிது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி. பால்வெள்ளை அக்ரிலிக்கில் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு) 2.5 செ.மீ. வட்டம் ஒன்று வெட்டி, அதன் பின்னால் உறையில்லாத பட்டை ஒரு கண்ணி வைத்து ஒட்டிவிடுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல வட்டப் புள்ளி.

வரைந்து முடித்ததும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் கண்ணுக்கு ல, ள வித்தியாசம் தெரியாது. குழாயில் அழிப்பான் கிடையாது.

துண்டுக் கணக்கு

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொரு துண்டின் நீளமும் 2.5 செ.மீ.யின் மடங்காக இருக்க வேண்டும். இன்க்ஸ்கேப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் பாதையின் நீளத்தை அளக்கும் கருவி இருக்கிறது. ஒவ்வொரு கோடாகத் தேர்ந்து அளந்து தாளில் எழுதுங்கள்.

‘வா’வின் கால் எனக்கு முதலில் 41.3 செ.மீ. வந்தது. 40-ஆகக் குறைக்கலாம், 42.5-ஆகக் கூட்டலாம். நான் வலது காலை அடியில் லேசாக நீட்டி 42.5 ஆக்கினேன். யாரும் கவனிக்கவில்லை. எல்லாத் துண்டையும் இப்படித் திருத்திய பிறகு வந்த கணக்கு: வ 52.5, கால் 42.5, ங 40-உம் 17.5-உம், புள்ளி 2.5, க 10, 32.5, 22.5. மொத்தம் 220 செ.மீ.

துண்டின் நுனியில் ஒயர் சேரும் இடமும் மூடியும் நாலைந்து மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும், அங்கே ஒளி இருக்காது. ஆகவே பலகையில் குழாய் உட்காரும் பள்ளத்தை மட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் 5 மி.மீ. கூடுதலாக வரையுங்கள்.

அதே தாளில் மின்சாரத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 10 வாட் இழுக்கும், சுருளின் மேல் சரியான எண் இருக்கும். 2.2 மீட்டருக்கு 22 வாட். 12-ஆல் வகுத்தால் 1.83 ஆம்பியர். அடாப்டர் திணறாமல் இருக்கக் கால் பங்கு கூட்டினால் 2.3. அதற்கு 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். 2 ஆம்பியர் அடாப்டரும் எரியவைக்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

கடைசியாக, வரைந்ததை உண்மை அளவில் ஏ4 தாள்களில் பிரித்து அச்சடித்து, ஒட்டி, தரையில் விரித்து, மிச்சம் கிடந்த குழாய்த் துண்டை மேலே வைத்து ஓட்டிப் பாருங்கள். திரையில் சரியாக இருந்த சுழி தரையில் முறைத்துக்கொண்டு எழும். எந்த எழுத்தைத் தளர்த்த வேண்டும் என்று குழாயே சொல்லிவிடும்.

எந்த மெஷின்

எழுத்தைத் தாங்கும் பலகை 5 அல்லது 6 மி.மீ. தெளிவான அக்ரிலிக். பெரிய தகடு எட்டுக்கு நாலு அடியில் வரும், ஈப்போவில் வெட்டுத்துண்டாகவும் கேட்டு வாங்கலாம். அச்சில் ஊற்றி வார்த்தது, பிதுக்கி இழுத்தது என்று அக்ரிலிக்கில் இரண்டு தயாரிப்பு உண்டு. சிஎன்சிக்கு, அதாவது கணினி சொல்லும் பாதையில் சுழல்கத்தியை ஓட்டும் மெஷினுக்கு, வார்த்ததுதான் வேண்டும். பிதுக்கியது சூட்டில் இளகி வெட்டுக்கத்தியைச் சுற்றிக்கொள்ளும். லேசருக்கு இரண்டும் ஓடும்.

சிஎன்சி ரவுட்டர் இந்த வேலைக்குப் பிறந்தது. 6 மி.மீ. கத்தியை நீங்கள் வரைந்த ஒற்றைக் கோட்டின் மேலேயே ஓட்டினால் 6 மி.மீ. அகலப் பள்ளம் விழுந்துவிடும். குழாய் அதில் உட்காரும். கோடுதான் பள்ளம், வேறு வரைபடம் தேவையில்லை.

லேசரால் பள்ளம் தோண்டுவது கொடுமை. 3 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்ட மணிக்கணக்காகும், அடியும் சொரசொரப்பாக வரும். அதனால் லேசர்க்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 3 மி.மீ. தகடு இரண்டு எடுத்து, மேல் தகட்டில் 6 மி.மீ. அகலத்துக்கு எழுத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அடித் தகட்டின் மேல் ஒட்டிவிடுவது. அப்போது ஒற்றைக் கோட்டை இன்க்ஸ்கேப்பில் 6 மி.மீ. தடிமனாக்கி, கரையாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சுழி மூடியிருக்கும் எழுத்தில் நடுத்துண்டு தனியாகக் கழன்று விழும். அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதே இடத்தில் திரும்ப ஒட்ட வேண்டியது அது. எழுத்துக்கு ஒன்றாக உறையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பேன்.

லேசர் என்றால் கார்பன் டை ஆக்சைடு லேசர். இணையத்தில் மலிவாக விற்கும் நீல ஒளி டையோடு லேசரை வாங்கி ஏமாந்து வருகிறவர்கள் உண்டு. அந்த நீல ஒளி தெளிவான அக்ரிலிக்கைக் கண்ணாடி மாதிரி ஊடுருவிப் போய்விடும், வெட்டாது.

தொடங்கும்போது இரண்டையும் வாங்காதீர்கள். கோப்பை, கேடயம், ரப்பர் முத்திரை செய்யும் கடைகள் பலவற்றில் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கிறது. மேசை நாற்காலி, சமையலறை அலமாரி செய்யும் பட்டறைகளில் சிஎன்சி இருக்கிறது. வரைந்த கணினிக் கோப்பு ஒன்றைக் கொடுத்து வெட்டி வாங்கலாம். முதல் ஒன்றரை வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன், பஸ்ஸில் தகட்டைக் கட்டி எடுத்து வருவேன்.

வெளியே கொடுத்து வெட்டுவதில் ஒரு தொல்லை அளவு. கோப்பில் அலகு சரியாக எழுதப்படாவிட்டால் மில்லிமீட்டரை மெஷின் அங்குலமாக எடுத்துக்கொள்ளும், எழுத்து 25 மடங்கு பெருக்கும். அதுவாவது பார்த்ததும் தெரிந்துவிடும். இன்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பை ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 96 புள்ளி என்றும் இன்னொன்று 72 என்றும் படித்தால், மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வரும். அதுதான் கழுத்தறுப்பது. 18 செ.மீ. எழுத்து 24 செ.மீ. ஆகி, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குழாயை வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தப்பு என்னுடையது, சரிபார்க்க ஒன்றும் வைத்து அனுப்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பிலும் மூலையில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து, ‘வெட்டுவதற்கு முன் இதை அளந்து பாருங்கள்’ என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

இன்னொன்று, எழுத்தை எழுத்தாகவே அனுப்பாதீர்கள். பாதையாக மாற்றி அனுப்புங்கள். அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடிவிடும்.

வெட்டு

முதலில் ஒரு கழிவுத் துண்டில் 5.8, 6.0, 6.2 மி.மீ. அகலத்தில் மூன்று சின்னக் கோடு வெட்டி, குழாயை அழுத்திப் பாருங்கள். எதில் ‘சிக்’கென்று பிடித்து உட்காருகிறதோ அதுதான் அளவு. சுருளுக்குச் சுருள் கொஞ்சம் மாறும். லேசர்க் கதிரே பொடியளவு அகலத்தைத் தின்றுவிடும் என்பதையும் இந்தச் சோதனை கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

சிஎன்சியில் ஒற்றைப் பல் கத்தி போடுங்கள். என் மெஷினுக்கு நிமிடத்துக்கு 18,000 சுற்று, 1,800 மி.மீ. ஓட்டம், ஒரு தடவைக்கு 1.5 மி.மீ. ஆழம் என்று இரண்டு தடவை ஓட்டி 3 மி.மீ. பள்ளம் எடுக்கிறேன். உங்கள் மெஷினுக்கு இது மாறலாம், எண்ணை விடச் சீவலைப் பாருங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்து பறந்தால் சரி. நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தால் அக்ரிலிக் உருகுகிறது என்று பொருள். சுற்றைக் குறையுங்கள், அல்லது ஓட்டத்தைக் கூட்டுங்கள். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பட்டை சுருண்டு விழுகிற விதத்திலேயே கத்தியின் கூர் அவருக்குத் தெரியும் என்பார். அந்தக் கண்தான் இங்கேயும் வேண்டும்.

ஒயர் இறங்கும் 3 மி.மீ. துளைகளை வரைபடத்திலேயே ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் போட்டு, மெஷினாலேயே எடுத்துவிடுங்கள். வெட்டிய பிறகு கைத்துரப்பணத்தால் போட்டால் பலகை விரிசல் விடும், அதுவும் கடைசித் துளையில்தான் விடும்.

லேசரில், 80 வாட் குழாய் உள்ள மெஷினுக்கு 5 மி.மீ. அக்ரிலிக் என்றால் நொடிக்கு 8 முதல் 10 மி.மீ. வேகத்தில் தொடங்கிப் பாருங்கள், 3 மி.மீ. தகட்டுக்கு அதைவிட வேகம் கூட்டலாம். காற்றை மெதுவாக வையுங்கள். அதிகம் வைத்தால் விளிம்பு மங்கும், அடியோடு நிறுத்தினால் தீப்பிடிக்கும். அக்ரிலிக் நன்றாகவே எரியும். மெஷின் ஓடும்போது தேத்தாரிக் குடிக்கப் போகாதீர்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். லேசர்க் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரை 18 டிகிரியில் வைக்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். குளிர்சாதனம் இல்லாத கடையில் அப்படி வைத்தால், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் மாதிரி லேசர்க் குழாய் வேர்த்துவிடும். அந்த ஈரத்தில் உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் குழாயோடு மின்கருவியும் போகும். நான் 25 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அப்புறம் மழை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பாதியில் நின்ற வெட்டை விட மின்னலில் போன மெஷின் விலை அதிகம்.

லேசரில் வைக்கவே கூடாத பொருள் பிவிசி. விளம்பரப் பலகைக்கு வாங்கும் வெள்ளை ஃபோம் போர்டு பெரும்பாலும் பிவிசிதான். சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் இரும்பும் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். என்ன பொருள் என்று சந்தேகம் வந்தால், வெளியே காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பொருளில் தொட்டு, திரும்பத் தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. அதைச் சிஎன்சியில் வெட்டிக்கொள்ளலாம்.

வெட்டிய பலகையைத் துடைக்கச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் எதுவும் வேண்டாம். லேசர் பட்ட விளிம்பில் அவை பட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும்.

ஒயரும் ஒட்டும்

எட்டுத் துண்டையும் குறியில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, கறுப்பு ஒயர் சால்டர் செய்து, பள்ளத்தில் வைக்கும் முன்பே ஒவ்வொன்றாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். ஒட்டிய பிறகு கண்டுபிடிக்கும் கோளாறு இரண்டு மணி நேரம் தின்னும். சிவப்பு கறுப்பு மாறினால் எரியாது, அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்தால் எரியும்.

பின்பக்கம் எல்லாச் சிவப்பும் ஓர் இடம், எல்லாக் கறுப்பும் ஓர் இடம் என்று சேர்க்க வேண்டும். ஒரு துண்டின் வாலில் அடுத்ததை, அதன் வாலில் இன்னொன்றை என்று தொடராகக் கோர்த்துக்கொண்டே போனால் கடைசி எழுத்து சோர்ந்து எரியும். ஒயரை எழுத்தின் முதுகோடு ஓட்டிச் சொட்டுச் சொட்டாக ஒட்டுங்கள், முன்னாலிருந்து தெரியாது.

ஒட்டும் பசையில்தான் பலர் தவறுகிறார்கள். சூப்பர் குளூ சிலிக்கானில் பிடிக்காது, அதன் ஆவி அக்ரிலிக்கில் வெள்ளையாகப் படியும். சிலிக்கான் பசைதான் வேண்டும். அதிலும் புளிக்காடி வாசம் அடிப்பதை வாங்காதீர்கள், அந்த அமிலம் செம்பை அரித்துவிடும். உறையில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நுனி மூடியையும் அதாலேயே அடைத்துவிடலாம். ஓர் இரவு காய விடுங்கள்.

மாட்டுவதற்கு முன்

நான்கு மூலையிலும் திருகாணித் துளைகளை விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள், திருகாணியை விட 1 மி.மீ. பெரிதாக. அக்ரிலிக் வெயிலில் நீளும். 75 செ.மீ. பலகை 20 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிடும். இறுக்கிப் பூட்டினால் போக இடமில்லாமல் மூலை உடையும்.

நாம் தொடுவது 12 வோல்ட் பக்கம் மட்டும். சுவரில் புதிதாக மின்சாரம் இழுக்க வேண்டுமென்றால் உரிமம் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள். அடாப்டரில் சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். அடாப்டர் எப்போதும் கூரைக்கு உள்ளே இருக்கட்டும். வெளியே போகும் ஒயர் சுவருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

கடைக்கு உள்ளே அலங்காரமாக ‘வாங்க’ என்று மாட்டுவது வேறு, கடைப் பெயரை வெளியே மாட்டுவது வேறு. வெளியே மாட்டும் பலகைக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும், மலாய் மொழி முதன்மையாக இருக்க வேண்டும். மலாய் வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற அரசு மொழி அமைப்பிடம் சரிபார்த்து ஒப்புதல் வாங்கச் சொல்வார்கள். வாடிக்கையாளரிடம் இதை வேலை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பலகை செய்து முடித்த பிறகு சொன்னால் அவர் முகம் நமக்கு ஆகாது.

தைப்பூசத்துக்கு முன் இரண்டு வாரம் காவடி வேலை வரும். ஈப்போ கல்லுமலைக்குப் போகிற பிள்ளைகள் வேல், ‘ஓம்’ எழுத்து, மயில் தோகை என்று கேட்பார்கள். அதற்கு அடாப்டருக்குப் பதில் 12 வோல்ட் பேட்டரி, கணக்கு அதேதான். 22 வாட் பலகை 1.83 ஆம்பியர் இழுக்கும், நான்கு மணி நேர நடைக்கு ஏறக்குறைய 7.3 ஆம்பியர் மணி. சும்மா ஒன்றைக் கட்டிக்கொள்ளாமல் 10 ஆம்பியர் மணி பேட்டரி கட்டச் சொல்லுங்கள். காவடி குலுங்கும் என்பதால் சால்டர் ஒவ்வொன்றின் மேலும் சுருங்கும் குழல் போட்டுச் சூடு காட்டுங்கள்.

கொடுப்பதற்கு முன் பலகையை எட்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிடுவேன். முதல் மணியில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை அடாப்டரைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது. இருட்டில் நின்று ஒவ்வொரு கண்ணியையும் பார்ப்பேன். பலகார அக்காவின் பலகையில் அந்த ‘க்’கின் புள்ளி மட்டும் ஆறாவது மணியில் அணைந்தது. சால்டர் பிடிக்காமல் இருந்திருக்கிறது. திரும்பச் செய்து, இன்னொரு எட்டு மணி நேரம் விட்டு, மறுநாள் வியாழக்கிழமை பசார் மாலாமுக்கு அவர் வண்டியிலேயே ஏற்றிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வந்து, மறுபடி எரியவில்லை என்றார். அடாப்டரைத் திறந்தால் உள்ளே எறும்புக்கூடு. கடை மூடியதும் அடாப்டரைச் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இப்போது அடாப்டர் தனிப் பெட்டியில் போகிறது.